கள்ளுக்கடையை மூடினார், விற்பனை வரியைப் போட்டார்: சேலத்தில் தொடங்கிய ராஜாஜியின் கஜானா கணக்கு

தமிழ்நாட்டு அரசுக்கு எவ்வளவு கடன், யார் ஆட்சியில் வாங்கியது, வாங்கிய பணம் எங்கே போனது? இந்தச் சண்டை ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் ஒருமுறை கிளம்பும். 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்கு சொன்னார். குற்றச்சாட்டு முந்தைய அதிமுக ஆட்சியின் மீது. அந்த ஆட்சியின் முதலமைச்சரான எடப்பாடி பழனிசாமி, எதிர்க்கட்சித் தலைவரானதும், திமுக ஆட்சியில் கடன் இன்னும் எகிறிவிட்டதாகத் திருப்பி அடித்தார். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி நிலுவைக் கடன் 9 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

இந்தக் கணக்கில், எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோரும் திட்டி, ஆட்சிக்கு வந்ததும் யாரும் கைவிடத் துணியாத ஒரு வரவு உண்டு. அது டாஸ்மாக். 2024-25-ல் மட்டும் இதன் வழியாக அரசுக்கு வந்த பணம் சுமார் 48,000 கோடி ரூபாய்.

எடப்பாடி இருக்கும் அதே சேலம் மாவட்டத்தில், 1937-ல் ஒருவர் இந்த வரவே வேண்டாம் என்று தூக்கிப் போட்டார். அந்த ஓட்டையை அடைக்க அவர் கொண்டுவந்த புது வரிதான் பிறகு நாடு முழுக்கப் பரவியது. அவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, அதாவது ராஜாஜி. வரி, கடன், செலவு பற்றிய இன்றைய சண்டையில் பாதி, அவர் வாழ்க்கையிலேயே நடந்து முடிந்திருக்கிறது.

சேலத்து வக்கீல்

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10. ஊர், ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம், அன்று சேலம் ஜில்லா. இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நாலும் சேர்ந்ததுதான் அந்தப் பழைய ஜில்லா. அப்பா கிராம முன்சீப். ஊரில் வரி வசூலையும் பார்க்க வேண்டிய வேலை அது. சென்னையில் சட்டம் படித்துவிட்டு, 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார் ராஜாஜி. தொழில் நன்றாகவே ஓடியது.

அப்போது சேலத்தின் பெரிய அரசியல் புள்ளி சி.விஜயராகவாச்சாரியார். 1920 நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் இருந்த ஊரில்தான் ராஜாஜிக்கும் அரசியல் பழகியது. 1911-ல் சேலம் நகராட்சி உறுப்பினர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர். தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை என்று எதைச் செய்யவும் வரிப் பணம் வேண்டும், அந்த வரியைக் கட்டச் சொன்னால் ஊரே முணுமுணுக்கும். எந்த நகராட்சித் தலைவருக்கும் கிடைக்கிற பாடம் இது.

அதன் பிறகு காந்தியின் பின்னால் போனார். தொழிலை விட்டார். 1921 கடைசியில் வேலூர் சிறைக்குப் போனார்.

ஆசிரமத்தில் கற்ற கணக்கு

1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார் ராஜாஜி. நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் இடம் அது. மழை குறைந்த வானம் பார்த்த பூமி. கதர் நூற்றால் கூலி என்று சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் வந்தார்கள்.

சிக்கல் அங்கேதான் தெரிந்தது. பெண்டாட்டி நூற்றுச் சம்பாதித்த காசும், புருஷன் வண்டியோட்டிச் சம்பாதித்த காசும் சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போயின. அந்தக் கடை அரசாங்கம் ஏலம் விட்ட கடை. ஆண்டுதோறும் ஏலம் நடக்கும், அதிகத் தொகை கேட்டவருக்குக் கடை. கள் இறக்கும் மரத்துக்குத் தனி வரி. சாராயத்துக்குத் தனித் தீர்வை. ஆக ஏழை குடிக்கிற ஒவ்வொரு மொந்தையிலும் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு.

1929-ல் ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்ற மாத இதழை நடத்தினார். முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே ஓர் இதழ். அதில் அவரோடு வேலை பார்த்தவர், பின்னாளில் பிரபல எழுத்தாளரான கல்கி.

உப்பு வரிக்கு எதிராக நடந்தவர்

1930 ஏப்ரல் 13. திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். வழியெல்லாம் அவர்கள் பாடிய பாட்டை எழுதியது நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. ஏப்ரல் 30-ல் உப்பள்ளிக் கைதானார் ராஜாஜி.

அந்தப் போராட்டத்தின் அடிப்படை ரொம்ப எளிமை. உப்பு இல்லாமல் யாரும் சாப்பிட முடியாது, அதனால் உப்பு மீதான வரி பரம ஏழையையும் விடாது. ஏழை வாங்குகிற பொருளுக்கு வரி போடுவது அநியாயம் என்று ஊர் ஊராகச் சொன்ன அதே மனிதர், ஒன்பது வருஷம் கழித்துக் கடைவீதியில் விற்கிற பொருள்களுக்கெல்லாம் வரி போட்டார். எதிரிகள் சும்மா விடுவார்களா?

1937: கஜானாவில் என்ன இருந்தது?

1937 தேர்தலில் சென்னை மாகாண சட்டசபையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் பிடித்தது. ஜூலை 14-ல் ராஜாஜி மாகாணப் பிரதமரானார். நிதித் துறையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். காங்கிரஸ் மந்திரிகளுக்குச் சம்பளம் மாதம் 500 ரூபாய் என்று கட்சியே உச்சவரம்பு வைத்திருந்தது.

மந்திரி சம்பளத்தைக் குறைத்தால் மட்டும் மாகாணம் ஓடாது. 1935 அரசுச் சட்டப்படி வருமான வரி, சுங்கம் போன்ற வளரும் வரிகள் டெல்லியிடம். மாகாணத்துக்கு மிஞ்சியவை முக்கியமாக நிலவரி, கள்-சாராய வரியான ஆப்காரி, முத்திரைத்தாள் கட்டணம். 1930-களின் மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து விவசாயி நொடித்துப் போயிருந்ததால் நிலவரியை ஏற்ற வழியில்லை. அடுத்த பெரிய வரவு ஆப்காரி. மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதிலிருந்துதான் வந்தது.

நாலில் ஒரு பங்கை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் எப்படி நடத்துவது? மதுவிலக்கு நல்ல ஆசை, ஆனா நடக்காத காரியம் என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம்.

முதல் ஜில்லா சேலம்

ராஜாஜி ஒரேயடியாக மாகாணம் முழுக்க மூடவில்லை. முதலில் ஒரு ஜில்லா. சொந்த ஜில்லாவையே எடுத்தார். 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அடுத்த வருஷம் சித்தூரும் கடப்பாவும். 1939-ல் வட ஆற்காடு.

படிப்படியாகப் போனதற்குக் காரணம் கஜானாதான். ஒரு ஜில்லா வருமானம் போனால் சமாளிக்கலாம். நாலு ஜில்லா போனால் மாற்று வழி வேண்டும். மாகாணம் முழுக்கப் போனால், புது வரி இல்லாமல் முடியவே முடியாது.

அதே அக்டோபர் 1-ஐ வைத்து இன்னொரு சட்டமும் வந்தது. 1938-ல் நிறைவேறிய சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன்னால் விவசாயி வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1-ல் பாக்கி நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைக் கட்டினால் போதும். அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு.

இன்றைய கடன் தள்ளுபடிக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இன்று விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தால், வங்கிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அரசு பணம் கட்ட வேண்டும். அன்று கஜானாவிலிருந்து ஒரு பைசா போகவில்லை. நஷ்டம் கடன் கொடுத்தவருக்கு. லேவாதேவிக்காரர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

விற்பனை வரி எப்படி வந்தது?

1935 சட்டத்தில் மாகாணங்களுக்குக் கொடுத்த அதிகாரப் பட்டியலில் சரக்கு விற்பனை மீதான வரியும் இருந்தது. எல்லாச் சரக்குக்கும் பொதுவாக அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ராஜாஜி போட்டார். அதுதான் 1939-ம் வருஷத்து சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் பொதுவான விற்பனை வரி இதுதான் முதல். கேளிக்கை வரிச் சட்டமும் அதே வருஷம் வந்தது.

வரி எப்படி வேலை செய்தது? வருஷ விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும் சின்னக் கடைக்கு வரி இல்லை. 10,000 முதல் 20,000 வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் போனால் விற்றுமுதலில் அரை சதவீதம். அதாவது வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் செய்கிற மண்டிக்காரர் 500 ரூபாய் கட்ட வேண்டும்.

கேட்க அரை சதவீதம்தான். ஆனா இது பலமுனை வரி. சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரி விற்கும்போது ஒருமுறை, அதை வாங்கிய ராசிபுரத்துக் கடைக்காரர் விற்கும்போது இன்னொருமுறை. ஒவ்வொரு கை மாறும்போதும் வரி ஏறும். கடைசியில் எல்லாம் சேர்ந்து வாங்குகிறவர் தலையில் விடியும்.

வியாபாரிகள் எதிர்த்தார்கள். சுதந்திரப் போராட்டத்தில் காங்கிரஸுக்குத் தோள் கொடுத்தவர்கள் பலர் அவர்களில் உண்டு. கணக்குப் புத்தகத்தை அதிகாரி புரட்டுவதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. குடிகாரன் கொடுத்த வரியைக் குடிக்காதவனிடம் வசூலிப்பதா என்பது ஒரு கேள்வி. உப்பு வரியைத் திட்டியவர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் வரி போடலாமா என்பது இன்னொரு கேள்வி.

ராஜாஜி தரப்புத் தர்க்கம் வேறு. கள்ளுக்கடைக்குப் போன கூலிக்காசு இனி மளிகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் வரும். வியாபாரம் பெருகும். பெருகிய வியாபாரத்திலிருந்து ஒரு துளி அரசாங்கத்துக்கு வந்தால் தப்பில்லை. கள்ளில் அரசாங்கம் எடுத்த பங்கோடு ஒப்பிட்டால், அரை சதவீதம் ஒன்றுமே இல்லை.

வழக்கும் வந்தது. உற்பத்தியாளரே செய்கிற முதல் விற்பனைக்குப் போடும் வரி உண்மையில் உற்பத்தி வரிதான், அது டெல்லிக்கு உரியது என்று கடலை எண்ணெய் உற்பத்தியாளர்கள் வாதாடினார்கள். 1942-ல் ஃபெடரல் கோர்ட் மாகாணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் வங்காளமும் பஞ்சாபும் 1941-லேயே விற்பனை வரியைக் கொண்டுவந்துவிட்டன.

மதுவிலக்கு போனது, வரி நின்றது

1939 அக்டோபர் கடைசியில், இரண்டாம் உலகப் போரில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமா செய்தன. ராஜாஜியும் இறங்கினார். விற்பனை வரி அமலுக்கு வந்து ஒரு மாதம்கூட முழுசாக ஓடவில்லை.

அடுத்து வந்த ஆளுநர் ஆட்சி, போர்க்காலத்தில் மதுவிலக்கைக் கைவிட்டது. கள்ளுக்கடைகள் திரும்பத் திறந்தன. ஆனா மதுவிலக்குக்காகப் போட்ட விற்பனை வரியை யாரும் எடுக்கவில்லை. எந்த ஓட்டையை அடைக்க வரி வந்ததோ, அந்த ஓட்டை அடைந்த பிறகும் வரி தொடர்ந்தது. ஒரு வரி வந்துவிட்டால் லேசில் போகாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. அது சாத்தியமானதில் விற்பனை வரிக்கு முக்கியப் பங்கு உண்டு.

பள்ளிக்கூடத்தில் இடித்த கணக்கு

கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என்று டெல்லியில் இருந்துவிட்டு, 1952 ஏப்ரலில் ராஜாஜி மறுபடி சென்னை முதலமைச்சரானார். வந்த இரண்டே மாதத்தில் உணவு தானியக் கட்டுப்பாடுகளை நீக்கினார். ரேஷன் முறை போனது. அது துணிச்சலான முடிவாகப் பேசப்பட்டது.

அடுத்த முடிவுதான் அவர் பதவியையே பறித்தது. கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், ஆனா கட்டடத்துக்கும் ஆசிரியருக்கும் பணம் போதாது. 1953-ல் அவர் கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்தது. அதே ஆசிரியர், அதே கட்டடம், இரண்டு ஷிப்ட். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்க வேண்டும்.

செலவுக் கணக்கில் அது சிக்கனமாகத் தெரிந்திருக்கலாம். சாதிப்படி தொழில் பிரிந்து கிடக்கிற ஊரில், பெற்றோர் தொழில் என்றால் சாதித் தொழில் என்றுதான் அர்த்தம். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து பெரியாரும் திமுகவும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரஸுக்கு உள்ளேயே எதிர்ப்பு பலமானது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, காமராஜர் வந்தார். திட்டம் குப்பைக்குப் போனது. பிறகு பள்ளிகளும் பெருகின, மதிய உணவும் வந்தது. பணம் இல்லை என்று சொன்ன அதே மாநிலத்தில்தான் இது நடந்தது, அதுவும் மதுவிலக்கு அமலில் இருந்தபோதே. எதைச் சிக்கனம் பண்ணலாம், எதைப் பண்ணக் கூடாது என்பதில் ராஜாஜியின் கணக்கு தவறியது இங்கேதான்.

கடன் வேண்டாம் என்ற கட்சி

1957-ல் மத்திய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி செல்வ வரி, செலவு வரி என இரண்டு புது வரிகளைக் கொண்டுவந்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் அரசுச் செலவு 4,800 கோடி ரூபாய். அதில் 1,200 கோடிக்கு வரவே இல்லை. பற்றாக்குறை நிதி, அதாவது நோட்டு அடித்துச் சமாளிப்பது என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது.

1959-ல், 80 வயதில், காங்கிரஸை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார் ராஜாஜி. என்.ஜி.ரங்கா, மினூ மசானி கூட நின்றார்கள். வரியைக் குறை, வெளிநாட்டுக் கடனைக் குறை, நோட்டு அடிப்பதை நிறுத்து, தொழிலுக்கு லைசென்ஸ் கேட்காதே என்பதுதான் கட்சியின் சுருக்கம். எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்க வேண்டிய ஆட்சிமுறைக்கு பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ் என்று அவர் வைத்த பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பற்றாக்குறை பட்ஜெட் போட்டால் விலைவாசி ஏறும், விலைவாசி ஏறினால் அது ஏழைக்குப் போடும் மறைமுக வரி. இது அவர் பக்கத்து வாதம். சுதந்திரா என்பது ஜமீன்தார், முதலாளிகள் கட்சி, அணையும் ஆலையும் கட்ட அரசு செலவழிக்காமல் வேறு யார் செலவழிப்பார்கள் என்பது காங்கிரஸ் பதில். 1967-ல் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்கள் பெற்று, எதிர்க்கட்சிகளில் முதலிடம் பிடித்தது.

அதே 1967-ல் தமிழ்நாட்டில் ராஜாஜி கைகோத்தது திமுகவோடு. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி கொடுத்த கட்சி அது. அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னவர், மானிய அரிசி தருவதாகச் சொன்னவர்களுக்கு ஓட்டுக் கேட்டார். காங்கிரஸை இறக்க வேண்டும் என்ற ஒரே புள்ளியில் சேர்ந்த கூட்டணி. அண்ணா முதலமைச்சரானதும் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். மானியச் சுமை தாங்காததால் அதற்கு மேல் பரவவில்லை. கூட்டணியும் நீடிக்கவில்லை. 1971 தேர்தலில் ராஜாஜி தன் பழைய போட்டியாளர் காமராஜரோடு நின்று தோற்றார்.

1971: மழையில் ஒரு நடை

அந்த வெற்றிக்குப் பிறகு முதலமைச்சர் கருணாநிதி மதுவிலக்கை ஒத்திவைக்க முடிவு செய்தார். காரணம் நிதி நெருக்கடி. புதிதாக மதுவிலக்கு கொண்டுவரும் மாநிலங்களுக்கு இழப்பீடு தர முன்வந்த மத்திய அரசு, ஏற்கெனவே இழப்பைத் தாங்கிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்குத் தரவில்லை என்பது திமுக அரசின் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

92 வயது ராஜாஜி, மழையில் கருணாநிதியின் வீட்டுக்கே போய், இதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முடிவு மாறவில்லை. 1971 ஆகஸ்ட் 30-ல் மதுவிலக்கு விலகியது. அடுத்த வருஷம் டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார்.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1974-க்குள் திமுக ஆட்சியே கடைகளை மறுபடி மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அரசின் கைக்கே கொண்டுவந்தது. இரண்டு கழகங்களுக்கும் இதில் சம பங்கு.

இன்று அந்த வழி இருக்கிறதா?

ராஜாஜியின் விற்பனை வரி, 1959-ல் புதுச் சட்டமாகி, 2007-ல் வாட் ஆகி, 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலும் ஜிஎஸ்டிக்குள் கரைந்துவிட்டது. வெளியே நிற்கும் முக்கியமான சரக்குகள் இரண்டு. ஒன்று பெட்ரோல், டீசல். இன்னொன்று மது. மாநிலம் தன் இஷ்டத்துக்கு வரி விகிதத்தை வைத்துக்கொள்ளக்கூடிய பெரிய சரக்குகள் இப்போது இவைதான்.

1937-ல் கள்ளுக்கடையை மூடிய முதலமைச்சரிடம், இரண்டு வருஷத்தில் புது வரி ஒன்றைப் போடும் அதிகாரம் இருந்தது. இன்று ஒரு முதலமைச்சர் டாஸ்மாக்கை மூட நினைத்தால், அந்த 48,000 கோடிக்கு ஈடாகப் பொது விற்பனை வரி எதையும் தனியாகப் போட முடியாது. ஜிஎஸ்டி விகிதத்தை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில். அதில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களைப் போல ஓர் உறுப்பினர் மட்டுமே. மிச்சம் இருப்பவை பெட்ரோல் வரி, பத்திரப்பதிவுக் கட்டணம், இல்லைன்னா இன்னும் கடன்.

அதனால் மதுக்கடைகளை மூடுவோம் என்று எந்தக் கட்சி மேடையில் சொன்னாலும், சேலம் ஜில்லாவில் ராஜாஜிக்கு முன்னால் நின்ற கேள்வியே அவர்கள் முன்னாலும் நிற்கிறது. போகிற பணத்துக்கு ஈடாக யாரிடம், எவ்வளவு வாங்கப் போகிறார்கள்? ராஜாஜி அதற்குப் பதில் சொன்னார், அந்தப் பதிலுக்காகத் திட்டும் வாங்கினார்.